ரோமர்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் பைபிள் வாசிப்பவர்களுக்கு ரோமர்கள் புதியவர்கள் அல்ல. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களுக்குத் தமிழ் உடை போட்டுவிட்டதால், எதிரே நின்றாலும் நமக்கு அடையாளம் தெரிவதில்லை, அவ்வளவுதான். ‘இராயன்’ என்று வருகிறவர் ரோமச் சீசர். ‘தேசாதிபதி’ ரோம ஆளுநர். ‘நூற்றுக்கு அதிபதி’ ரோமப் படை அதிகாரி. ‘ஆயக்காரன்’ வரி வசூலிப்பவர். இந்த ஆட்களைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டால் புதிய ஏற்பாட்டின் பாதிக் காட்சிகள் வேறு மாதிரி தெரியும். யூத மதத்தின் இன்றைய வடிவமும் ரோம ஆட்சியின் அடியில் உருவானதுதான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ரோமர்கள் யூதேயாவுக்குள் எப்படி வந்தார்கள்?

ஒரு பங்காளிச் சண்டையின் வழியாக. யூதேயாவை அப்போது ஆண்டது ஹஸ்மோனிய வம்சம். அதில் அண்ணன் ஹிர்கானுஸ், தம்பி அரிஸ்டோபுலுஸ் இருவருக்கும் அரசுரிமைச் சண்டை. சிரியாவில் படையோடு இருந்த ரோமத் தளபதி பொம்பேயுஸிடம் இருவருமே ஆதரவு கேட்டுப் போனார்கள். கி.மு. 63-இல் அவர் எருசலேமை முற்றுகையிட்டுப் பிடித்தார். பிடித்த கையோடு, பிரதான ஆசாரியர் மட்டும் வருடத்துக்கு ஒரு நாள் நுழையும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளும் போய்ப் பார்த்தார். உள்ளே தெய்வச் சிலை ஏதும் இல்லை. ஆலயக் கருவூலத்தை அவர் தொடவில்லை என்று யூத வரலாற்றாளர் ஜோசஃபஸ் எழுதுகிறார். ஆனால் அந்தக் காலடியை யூதர்கள் மறக்கவே இல்லை.

ஏரோது யூதரா, ரோமரா?

அவருடைய தந்தை இதுமேயர் இனத்தவர். தாய் நபத்திய அரபு இனத்தவர். இதுமேயர்கள் ஏரோது பிறப்பதற்குச் சில தலைமுறைகளுக்கு முன்பு யூத மதத்துக்கு மாற்றப்பட்டவர்கள். ஆகவே மதத்தால் யூதர், குடியுரிமையால் ரோமர். கி.மு. 40-இல் ரோமச் செனட் அவரை ‘யூதர்களின் அரசர்’ என்று அறிவித்தது, கி.மு. 37-இல் ரோமப் படை உதவியோடு எருசலேமைப் பிடித்தார். ஆலயத்தைப் பிரம்மாண்டமாகப் புதுப்பித்தவரும் இவர்தான். ஆலயத்தை ஒட்டி நின்ற கோட்டைக்குத் தன் புரவலர் மார்க் ஆண்டனியின் பெயரால் ‘அந்தோனியா’ என்று பெயர் வைத்தவரும் இவர்தான். அந்த இரண்டு கட்டடங்களும் ஒட்டி நின்றதே அவர் ஆட்சிக்குப் போதுமான விளக்கம்.

ஏரோது கி.மு. 4-இல் இறந்தார் என்றால், இயேசு அதற்கும் முன்பா பிறந்தார்?

மத்தேயு சொல்வதுபோல ஏரோதின் நாளில் பிறந்தார் என்றால், ஆம். கி.பி. ஆண்டுக்கணக்கைப் போட்டவர் 6-ஆம் நூற்றாண்டுத் துறவி டயோனீசியஸ். சில ஆண்டுகள் தவறவிட்டார். லூக்கா சொல்லும் குடிமதிப்புதான் பெரிய சிக்கல். சிரேனியு சிரியாவில் தேசாதிபதியாக இருந்தபோது யூதேயாவில் நடந்த குடிமதிப்பு கி.பி. 6-ஐச் சேர்ந்தது. அதற்குள் ஏரோது இறந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள். இரண்டையும் பொருத்த எவ்வளவோ முயற்சிகள் நடந்திருக்கின்றன. எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை.

யூதர்கள் தங்கள் மதத்தைப் பின்பற்ற ரோமர்கள் விட்டார்களா?

பெரும்பாலும் விட்டார்கள். முன்னோர் வழக்கம் எதுவானாலும் அதற்கு ரோமர்களிடம் ஒரு மரியாதை உண்டு. யூத வழக்கம் மிகப் பழமையானது என்பது அவர்களுக்குத் தெரியும். ஜூலியஸ் சீசர் யூதர்களுக்குப் பல சலுகைகள் கொடுத்தார். அவர் கொல்லப்பட்டபோது ரோம நகரத்து யூதர்கள் இரவிரவாக அவர் சிதையருகே வந்து துக்கம் கொண்டாடினார்கள் என்று ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் குறித்திருக்கிறார்.

பேரரசரைத் தெய்வமாக வணங்கும்படி யூதர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குப் பதிலாக, எருசலேம் ஆலயத்தில் பேரரசரின் நலனுக்காக நாள்தோறும் பலி செலுத்தப்பட்டது. இஸ்ரவேலின் கடவுளுக்குத்தான் பலி, பேரரசருக்காக வேண்டுதல். இரு தரப்பும் மானத்தோடு வாழ்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். இதை உடைக்கப் பார்த்தவர் பேரரசர் கலிகுலா. கி.பி. 40 வாக்கில் தன் சிலையை ஆலயத்துக்குள் நிறுத்த உத்தரவிட்டார். சிரியாவின் ஆளுநர் பெத்ரோனியஸ், ஆயிரக்கணக்கான யூதர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, உத்தரவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். 41-இல் கலிகுலா கொலையுண்டார். சிலை வரவே இல்லை. வரலாற்றில் பெரிதாகப் பேசப்படாத பெத்ரோனியஸ்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து உண்மையில் வாழ்ந்தவரா?

சந்தேகமே வேண்டாம். 1961-இல் செசரியாவின் பழைய அரங்கத்தில் படிக்கல்லாகத் திருப்பிப் போடப்பட்டிருந்த ஒரு சுண்ணாம்புக்கல் கிடைத்தது. பேரரசர் திபேரியுவைச் சிறப்பிக்கும் கட்டடம் ஒன்றுக்கான கல்வெட்டு அது. அதில் பிலாத்துவின் பெயரும் ‘யூதேயாவின் பிரிஃபெக்ட்’ என்ற பதவியும் உள்ளன. பிரிஃபெக்ட் என்பது படைத்துறைப் பதவி. அவர் ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. குடியிருந்தது எருசலேமில் அல்ல, கடற்கரை நகரமான செசரியாவில். பஸ்கா போன்ற திருவிழாக்களில் கூட்டம் பெருகும்போது படையோடு எருசலேமுக்கு வருவார்.

சுவிசேஷங்களில் வரும் பிலாத்து தயங்குகிறார், கையைக் கழுவுகிறார். ஜோசஃபஸும் அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோவும் காட்டும் பிலாத்து வேறு ஆள். பேரரசரின் உருவம் பதித்த படைக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்தார். ஆலயக் காணிக்கைப் பணத்தை எடுத்துக் குடிநீர்க் கால்வாய் கட்டினார். எதிர்த்தவர்களைக் கூட்டத்தில் மாறுவேடத்தில் கலந்திருந்த வீரர்களைக் கொண்டு தடியால் அடிக்க வைத்தார். கடைசியில் கெரிசீம் மலையில் கூடிய சமாரியர்களைக் கொன்றதற்காகத்தான் சிரியாவின் ஆளுநர் அவரை ரோமுக்கு அனுப்பினார்.

அப்படியானால் இயேசுவைக் கொன்றது யார், யூதர்களா, ரோமர்களா?

நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இதற்குத் தவறாகப் பதில் சொன்னதால் பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

தண்டனையிலிருந்து தொடங்குவோம். சிலுவை ரோமத் தண்டனை. அடிமைகள், கொள்ளைக்காரர்கள், கலகக்காரர்கள் ஆகியோருக்கு அவர்கள் வைத்திருந்த தண்டனை. 1968-இல் எருசலேமின் வடபுறத்தில் ஒரு கல்லறையில் யோகனான் என்று பெயர் எழுதிய எலும்புப் பெட்டி கிடைத்தது. உள்ளே இருந்த குதிகால் எலும்பில் இரும்பு ஆணி அப்படியே இருந்தது. அதே முதல் நூற்றாண்டு, அதே நகரம். யூதச் சட்டத்தில் தேவதூஷணத்துக்குத் தண்டனை கல்லெறிதல். இயேசுவின் தலைக்கு மேல் எழுதி வைத்த குற்றமோ ‘யூதருடைய ராஜா’. அது மதக் குற்றச்சாட்டு அல்ல, அரசியல் குற்றச்சாட்டு. ரோமச் செனட்டின் அனுமதி இல்லாமல் ராஜா என்று சொல்லிக்கொள்வது கலகம். அவரை அறைந்தவர்கள் ரோம வீரர்கள், உத்தரவிட்டவர் பிலாத்து.

சரி, பிரதான ஆசாரியர் காய்பாவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. சுவிசேஷங்கள் நான்கும் ஆலயத் தலைமைதான் இயேசுவைப் பிடித்து ஒப்படைத்தது என்கின்றன. ஆனால் அந்தத் தலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். பிரதான ஆசாரியரை நியமிப்பதும் நீக்குவதும் ரோம ஆளுநர். அவர் திருவிழாவில் அணியும் புனித உடைகள்கூட அந்தோனியா கோட்டையில் ரோமர்களின் பூட்டுக்குள் இருந்தன. காய்பா ஏறத்தாழ 18 ஆண்டுகள் பதவியில் நீடித்தார். அதில் பத்து ஆண்டுகள் பிலாத்துவோடு. ரோமர்களோடு இணங்கிப் போகாமல் அது நடக்காது. திருவிழாக் கூட்டத்தில் கலகம் வெடித்தால் ரோமர்கள் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்று யூத ஆலோசனைச் சங்கத்தார் பயந்ததை யோவான் சுவிசேஷமே சொல்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அதுதான் நடந்தது.

ஆக, ஒரு ரோம ஆளுநரும் அவருடைய தயவில் இருந்த ஒரு சிறு ஆசாரியக் குழுவும். ‘யூதர்கள்’ என்று ஓர் இனத்தையே குற்றவாளியாக்க இதில் இடமே இல்லை. இயேசுவும் யூதர், அழுதுகொண்டு பின்னால் போன பெண்களும் யூதர். கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இதைத் தெளிவாகச் சொன்னது: அன்றிருந்த எல்லா யூதர்கள்மேலும் இன்றைய யூதர்கள்மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது. மிகத் தாமதமாகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘இராயனுடையதை இராயனுக்கு’ என்று இயேசு காட்டிய காசு எது?

திபேரியுவின் வெள்ளித் தெனாரியஸ் என்றுதான் நாணய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். ஒரு பக்கம் திபேரியுவின் தலை. சுற்றிலும் ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’ என்ற வாசகம். மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஒரு பெண், ‘மகா பூசாரி’ என்ற பட்டத்தோடு. ஒரு யூதருக்கு அந்த இரண்டு பக்கங்களுமே உறுத்தும். கேள்வியின் கொக்கியும் அங்கேதான் இருந்தது.

நமக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. மிளகுக்கும் பச்சைக்கல்லுக்கும் விலையாகத் தென்னிந்தியாவுக்கு வந்த ரோம வெள்ளியில் அகஸ்டஸ், திபேரியு காசுகளே மிகுதி. கரூர், கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் இதே திபேரியு காசு நிறையக் கிடைத்திருக்கிறது. சுவிசேஷத்தில் வரும் காசைப் பார்க்க ஆசைப்படுகிறவர் எருசலேம்வரை போக வேண்டியதில்லை.

பவுல் ரோமக் குடிமகன் என்பதால் என்ன பயன்?

உயிர்தான் பயன். ரோமக் குடிமகனை விசாரணையில்லாமல் கட்டி அடிக்கக் கூடாது. பிலிப்பி நகரில் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் விஷயம் தெரிந்ததும் தாங்களே வந்து மன்னிப்புக் கேட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. எருசலேமில் அவரைப் பிடித்த சேனாபதி, தான் பெரும் பணம் கொடுத்துக் குடியுரிமை வாங்கியதாகச் சொல்ல, பவுல் ‘நான் பிறந்தபோதே குடிமகன்’ என்கிறார். கடைசியில் ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்று மேல்முறையீடு செய்து ரோமுக்குப் போனார்.

கொரிந்துவில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பவுல்மேல் யூதர்கள் கொண்டுவந்த வழக்கை ஆளுநர் கல்லியோன் கேட்கவே மறுத்துவிட்டார். ‘இது உங்கள் வேதத்தைப் பற்றிய தர்க்கம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது அவர் நிலை. டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டில் கல்லியோன் பெயர் இருப்பதால் இதை கி.பி. 51 வாக்கில் வைக்க முடிகிறது. அந்தத் தேதியில் ரோம அதிகாரி ஒருவரின் கண்ணுக்கு யூதம், கிறிஸ்தவம் என்று இரண்டு மதங்கள் இல்லை. யூதர்களுக்குள் ஒரு சண்டை, அவ்வளவுதான்.

நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்றது உண்மையா?

உண்மை. கி.பி. 64 ஜூலையில் ரோம் பற்றி எரிந்தது. நீரோவே வைத்த தீ என்று ஊரெல்லாம் பேச்சு. பழியைத் திருப்ப அவர் கிறிஸ்தவர்களைப் பிடித்தார். நாய்களை விட்டுக் குதறவைத்தது, சிலுவையில் அறைந்தது, இரவில் விளக்காக எரித்தது எல்லாவற்றையும் ரோம வரலாற்றாளர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கொஞ்சமும் பிடிக்காது. அப்படியிருந்தும் மக்கள் இரக்கப்பட்டதை மறைக்கவில்லை. பேதுருவும் பவுலும் நீரோ காலத்தில் கொல்லப்பட்டார்கள் என்பது திருச்சபை மரபு. இந்த வேட்டை ரோம நகரத்தோடு நின்றது. பேரரசு முழுவதுக்குமான ஆணை அல்ல.

எருசலேம் ஆலயம் ஏன் அழிக்கப்பட்டது?

66-இல் ஆளுநர் கெஸியஸ் ஃப்ளோரஸ் ஆலயக் கருவூலத்திலிருந்து 17 தாலந்து வெள்ளியை எடுத்தார். வரி பாக்கி என்று காரணம். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த ஊர் வெடித்தது. ஆலயத்தில் பேரரசருக்காகச் செலுத்திவந்த பலியை எலெயாசர் என்ற இளம் ஆசாரியர் நிறுத்தினார். முன்பு சொன்ன அந்த நல்ல ஏற்பாடு அன்றோடு முடிந்தது. ரோமைப் பொறுத்தவரை அது போர் அறிவிப்பு.

நீரோ அனுப்பிய தளபதி வெஸ்பாசியன். நடுவில் நீரோ இறந்து, ரோமில் ஒரே ஆண்டில் அடுத்தடுத்துப் பேரரசர்கள் மாறி, கடைசியில் வெஸ்பாசியனே பேரரசரானார். மகன் டைட்டஸ் கி.பி. 70-இல் எருசலேமை வளைத்தார். பஸ்காவுக்கு வந்த யாத்திரிகர்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். உள்ளே மூன்று யூதப் பிரிவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. தானியக் கிடங்குகளைத் தாங்களே எரித்தன. பசி ரோமர்களைவிட அதிகம் கொன்றது. ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது. யூதர்கள் இன்றும் ஆப் மாதம் 9-ஆம் நாள் உபவாசமிருந்து அதை நினைக்கிறார்கள். பாபிலோனியர் முதல் ஆலயத்தை அழித்ததும் அதே நாள் என்பது அவர்கள் மரபு.

டைட்டஸ் ஆலயத்தைக் காப்பாற்ற விரும்பினார், ஒரு வீரன் தானாகத் தீவைத்தான் என்கிறார் ஜோசஃபஸ். அவர் முதலில் யூதர்களின் பக்கம் படைநடத்தி, பின் ரோமர்களிடம் பிடிபட்டு, வெஸ்பாசியன் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்து எழுதியவர். இந்த ஓர் இடத்தில் அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தீயைவிட என்னை அதிகம் வதைப்பது அதற்குப் பிறகு வந்த வரிதான். வயதுவந்த யூத ஆண்கள் வருடந்தோறும் ஆலயத்துக்கு அரைச் சேக்கல் கொடுப்பது வழக்கம். வெஸ்பாசியன் அதை எடுத்து, ரோமின் ஜூப்பிட்டர் கோயிலுக்குச் செலுத்தச் சொன்னார்; பெண்கள், குழந்தைகள் உட்படப் பேரரசு முழுவதும் உள்ள யூதர்கள் எல்லோரும். தன் கடவுளுக்குக் கொடுத்த காசை, தன் கோயிலை எரித்தவனின் கடவுளுக்குக் கொடுக்க வேண்டும். யார் யூதர், யார் இல்லை என்ற கேள்வியை ரோம அரசு கணக்குப் புத்தகத்தோடு கேட்கத் தொடங்கியதும் இந்த வரியால்தான். கிறிஸ்தவர்கள் தனி மதமாகப் பிரிந்து தெரிந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஆலயம் இல்லாமல் யூத மதம் எப்படிப் பிழைத்தது?

யோகனான் பென் சக்காய் என்ற போதகர் முற்றுகையின்போது சவப்பெட்டியில் படுத்து நகரைவிட்டு வெளியேறி, வெஸ்பாசியனைச் சந்தித்து, யாவ்னே என்ற ஊரில் அறிஞர்களுக்கு இடம் கேட்டார் என்பது யூதச் சட்ட விளக்கங்களின் தொகுப்பான தால்மூத் சொல்லும் கதை. கதையின் விவரங்கள் எப்படியிருந்தாலும், யாவ்னேயில் அறிஞர்கள் கூடியது வரலாறு. பலியின் இடத்தில் ஜெபமும் வேத வாசிப்பும் தான தருமமும் வந்தன. ஆசாரியரின் இடத்தில் ரபீ வந்தார். கி.பி. 200 வாக்கில் யூதா என்ற தலைவர் வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னா என்று தொகுத்தார். அதில் ஆலயப் பலிகளுக்கு ஒரு முழுப் பகுதியே இருக்கிறது. ஆலயம் அழிந்து நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்தும், நாளைக்கே கட்டப்போவதுபோல அளவுகளையும் முறைகளையும் விவாதித்திருக்கிறார்கள்.

‘பாலஸ்தீனம்’ என்ற பெயர் ரோமர்கள் வைத்ததா?

பெயர் அதற்கு முன்பே கிரேக்கர்களிடம் இருந்தது. மாகாணத்துக்கு அதிகாரப்பூர்வமாக வைத்தவர்கள் ரோமர்கள். எருசலேமின் இடிபாடுகள்மேல் பேரரசர் ஹேட்ரியன் ‘ஏலியா கப்பித்தோலினா’ என்ற ரோம நகரை எழுப்ப முனைந்தார். 132-இல் சிமோன் பர் கோக்பா தலைமையில் யூதர்கள் எழுந்தார்கள், 135-இல் நசுக்கப்பட்டார்கள். 985 கிராமங்கள் அழிந்தன, 5,80,000 பேர் போரில் இறந்தனர் என்று ரோம வரலாற்றாளர் காசியஸ் டயோ கணக்குச் சொல்கிறார். எருசலேமுக்குள் யூதர்கள் வரத் தடை விதிக்கப்பட்டது. யூதேயா ‘சிரியா பலஸ்தீனா’ ஆனது.

யூதர்களுக்குச் சலுகை, கிறிஸ்தவர்களுக்குத் துன்பம். ஏன் இந்த வேறுபாடு?

யூதர்கள் முன்னோர் வழியைக் காத்தவர்கள். கிறிஸ்தவர்கள் முன்னோர் வழியை விட்டவர்கள். ரோமரின் பார்வை இதுதான். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் ட்ராஜனிடம் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு எழுதினார். தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாத புகார்களை ஏற்க வேண்டாம், குற்றம் உறுதியானால் தண்டிக்கவும், தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடவும் என்று பதில் வந்தது.

மூன்று நூற்றாண்டுகள் இடைவிடாமல் வேட்டை நடந்தது என்பது சரியல்ல. பெரும்பாலும் அங்கங்கே, அவ்வப்போது. 250-இல் பேரரசர் டேசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்துள்ளன. 303-இல் பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கியதுதான் மிகக் கொடியது. நிலவறைக் கல்லறைகள் ஒளிந்து வாழ்ந்த இடங்கள் என்பதும் பிற்காலக் கற்பனை. அவை அடக்கம் செய்யும் இடங்கள். ரோமில் யூதர்களுக்கும் அப்படி நிலவறைக் கல்லறைகள் இருந்தன.

பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினாரா?

இல்லை. 313-இல் அவரும் உடன் பேரரசர் லிசினியஸும் செய்தது, எந்த மதத்தையும் பின்பற்ற எல்லோருக்கும் அனுமதி தந்ததும், பறித்த சொத்துகளைத் திருச்சபைக்குத் திருப்பித் தந்ததும். அரச மதமாக்கியது 380-இல் பேரரசர் தியோடோசியஸ். 325-இல் கூடிய நிசேயா சங்கம் பைபிளில் எந்தெந்த நூல்கள் என்று முடிவு செய்தது என்பதும் பொய். அது பேசியது குமாரனுக்கும் பிதாவுக்கும் உள்ள உறவைப் பற்றி. கூடவே உயிர்த்தெழுதல் திருநாளை யூதர்களின் பஸ்காக் கணக்கிலிருந்து பிரித்தது.

பேரரசு கிறிஸ்தவமான பிறகு யூதர்கள் நிலை?

சட்டத்தில் யூத மதம் தடை செய்யப்படவில்லை. 393-இல் தியோடோசியஸே அப்படி அறிவித்தார். ஆனால் காற்று மாறிவிட்டது. 388-இல் யூப்ரடீஸ் கரையோரக் கல்லினிக்கம் நகரில் கிறிஸ்தவக் கூட்டம் ஒரு ஜெபஆலயத்தை எரித்தது. அதை ஆயரின் செலவில் திரும்பக் கட்ட வேண்டும் என்றார் தியோடோசியஸ். மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்து நின்று அந்த ஆணையைத் திரும்பப் பெற வைத்தார். திருச்சபையின் புனிதர்களில் ஒருவர் அவர். நானும் அவர் எழுத்தை மதிப்பவன்தான், ஆனால் இந்த இடத்தில் அவர் செய்தது அநீதி. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, டயோக்ளீஷியன் காலத்தில், கிறிஸ்தவர்களின் ஆலயங்கள் இடிபட்டதை அந்தத் தலைமுறையின் தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம் இன்று எங்கே பார்க்கலாம்?

பிலாத்துவின் கல்லும் ஆணி பாய்ந்த குதிகாலும் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். ஏரோது கட்டிய ஆலய மேடையின் மேற்குச் சுவர் இன்றும் நிற்கிறது. அதன் தென்பகுதியில், ரோமர்கள் 70-இல் தள்ளிவிட்ட பெருங்கற்கள் விழுந்த இடத்திலேயே தெருவை நொறுக்கிக்கொண்டு கிடக்கின்றன.

ரோமில் டைட்டஸ் வளைவு. உட்புறச் சுவரில், ஆலயத்தின் ஏழு கிளைக் குத்துவிளக்கை ரோம வீரர்கள் தோளில் சுமந்து போகும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ரோம நகரத்து யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வளைவின் கீழ் நடப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார்கள். இஸ்ரேல் 1949-இல் தன் அரசு முத்திரையைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தச் சுவரில் செதுக்கியிருந்த அதே குத்துவிளக்கின் வடிவத்தை எடுத்துக்கொண்டது.